கண்ணாடியில் வரையும் நட்சத்திரம்

(உளவியல் பட்டப்படிப்பு குறித்து நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பிளஸ் டூ முடிவு வந்து, எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து நடக்கிற மாதம் இது. அந்தப் பஞ்சாயத்தை ஒரு மாலை ஒத்திவைத்துவிட்டுப் பெற்றோரும் பிள்ளைகளும் வந்திருக்கிறீர்கள். பின்னால் நிற்பவர்கள் தாராளமாக முன்வரிசைக்கு வரலாம். யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்கும் உத்தேசம் இல்லை.

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், உளவியலைப் பட்டப்படிப்பாகப் படிப்பது. பொருளுக்குள் போகும் முன் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்றால் என்ன? கட்-ஆஃப், தரவரிசை, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு, அவ்வளவுதான். 'பொண்ணு கவுன்சிலிங் பண்ணணும்கிறா' என்று ஒரு தகப்பனார் சொன்னால், எதிரே இருப்பவர் 'கட்-ஆஃப் எவ்வளவு வந்திருக்கு?' என்றுதான் கேட்பார். மனம் நொந்தவரோடு உட்கார்ந்து பேசுவதைக் குறிக்க வேண்டிய சொல், இங்கே இன்ஜினியரிங் சீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொரு சொல்லுக்கு வந்த கதி இதைவிட மோசம். 'சைக்கோ' என்றால் நம் சினிமாவில் கொலைகாரன். சைக்காலஜி வகுப்புக்குப் போகிற பிள்ளையை அடுத்த வகுப்பு நண்பர்கள் 'சைக்கோ கிளாஸ்' என்று கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காரும் மாமா, 'நான் இப்போ என்ன நினைக்கிறேன் சொல்லு பார்ப்போம்' என்பார். முதலாமாண்டு மாணவி சிரித்து மழுப்புவாள். மூன்றாம் ஆண்டில் அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும்: 'பாயசம் எப்ப வரும்னு நினைக்கிறீங்க மாமா.' அது மனோதத்துவம் இல்லை. இலையையும் அவர் கண் போகிற திசையையும் பார்த்துச் சொன்னது.

அப்படியானால் அந்த மூன்று ஆண்டு அவளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது?

பாடத்திட்டத்தைப் புரட்டினால் பொது உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், உடலியல் உளவியல், பிறழ்நிலை உளவியல், புள்ளியியல், ஆய்வு முறைகள், செய்முறை என்று தாள்கள் வரிசையாக நிற்கும். சில கல்லூரிகள் பி.எஸ்ஸி. என்கின்றன, சில பி.ஏ. என்கின்றன. அறிவியல் பிரிவு படித்தவர்தான் வரவேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்பதில்லை. இந்த விவரங்களை எந்தச் சேர்க்கைக் கையேடும் சொல்லிவிடும். கையேடு சொல்லாதது ஒன்று உண்டு. இத்தனை தாள்களும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. மனிதர்களைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் இந்தப் படிப்பு குறுக்கே கேட்கும்: எப்படித் தெரியும்?

செய்முறை வகுப்புக்குள் போய்ப் பார்க்கலாம். நீள மேசை. மேசைமேல் ஒரு சிறிய மரப்பலகை, அதில் நிமிர்த்தி வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் ஒரு தாள். தாளில் இரட்டைக் கோட்டால் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று அச்சாகியிருக்கிறது. கையையும் தாளையும் நேராகப் பார்க்க முடியாதபடி நடுவே ஒரு தடுப்பு. பென்சிலை எடுத்து, கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டு கோட்டுக்கும் இடையிலேயே நட்சத்திரத்தைச் சுற்றி வரவேண்டும். கோட்டைத் தொட்டால் பிழை. எதிரே ஸ்டாப் வாட்சோடு இன்னொரு மாணவி. அவள்தான் சோதனை செய்பவர். வரைகிறவர் 'சப்ஜெக்ட்'. பெரும்பாலும் வேறு துறையிலிருந்து 'கேண்டீன்ல ஒரு பப்ஸ் வாங்கித் தர்றேன், வாடி' என்று இழுத்து வரப்பட்டவர்.

எளிமையாகத் தெரிகிறதா? வீட்டில் செய்து பாருங்கள். முதல் முனைவரை கை ஒழுங்காகப் போகும். திரும்ப வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிடும். கண் 'மேலே' என்கிறது, கை கீழே போகிறது. படித்த பிள்ளை, நன்றாகப் படம் வரைகிற பிள்ளை, பென்சில் ஓரிடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது முறை கொஞ்சம் தேறும். ஆறாவது, ஏழாவது முறைக்குள் நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது சோதனை செய்பவள் பென்சிலை இடக்கைக்கு மாற்றச் சொல்வாள். இடக்கை இதுவரை ஒரு கோடும் போடவில்லை. ஆனாலும் வலக்கை முதல் முறை தடுமாறிய அளவுக்கு அது தடுமாறுவதில்லை. வலக்கை கற்றது எந்த வழியாக இடக்கைக்குப் போய்ச் சேர்ந்தது?

பிறகு ரெக்கார்டு நோட்டு. நோக்கம், கருவிகள், செய்முறை, தனிநபர் முடிவு, குழு முடிவு, விவாதம். நடுவே 'அகநோக்கு அறிக்கை' என்று ஒரு பகுதி: வரைந்தபோது உள்ளுக்குள் என்ன தோன்றியது என்று சப்ஜெக்ட் தம் வாயால் சொன்னது. 1879ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஆய்வகம் தொடங்கியபோது கைக்கொண்ட வழக்கத்தின் வால் இது. மேலைப் பல்கலைக்கழகங்கள் பலவும் கைவிட்ட வழக்கம், நம்மூர் ரெக்கார்டு நோட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பப்ஸுக்காக வந்த பெண் அதில் 'எரிச்சலாக இருந்தது, பிறகு வேடிக்கையாக இருந்தது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

இந்த நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். 1953ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு 27 வயது இளைஞர், ஓயாத வலிப்பு நிற்க வேண்டும் என்று மூளை அறுவை சிகிச்சைக்கு உடன்பட்டார். வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் அவருடைய மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு பெரும் பங்கை அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு புதிதாக எந்த நினைவும் அவரிடம் தங்கவில்லை. இப்போது பேசிவிட்டுப் போனவர் சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தால், புதியவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஆய்வுக் கட்டுரைகள் அவரை எச்.எம். என்று மட்டும் குறித்தன. ஹென்றி மொலைசன் என்ற முழுப்பெயர் 2008ல் அவர் இறந்த பிறகே வெளியே வந்தது.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவர் முன்னால் இதேபோல் ஒரு கண்ணாடியையும் ஒரு நட்சத்திரத்தையும் வைத்தார். மூன்று நாள் வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புத்தம் புதிய வேலை. இப்படி ஒன்றைச் செய்த நினைவே இல்லை. ஆனால் பிழைகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. மூன்றாம் நாள் கை தயங்கவில்லை. மனிதருக்கு நினைவில்லை, கைக்கு நினைவிருந்தது! நினைவு என்பது ஒற்றைப் பொருள் என்று அதுவரை எண்ணியிருந்தவர்கள், அது பல வகைப்பட்டது, மூளையின் வேறுவேறு இடங்களைச் சார்ந்தது என்று ஏற்க வேண்டி வந்தது. கைப்பழக்கம் என்று தமிழில் நாம் தனியாகச் சொல்லி வந்ததற்கு ஓர் ஆய்வகச் சான்று கிடைத்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. ஒரு கண்ணாடி, ஒரு தாள், ஒரு பென்சில்.

அதே மேசையின் மறுகோடியில் இன்னொரு பலகை கிடக்கும். அதில் ஒரு கோடு. இரு முனையிலும் அம்புத்தலை உள்நோக்கி மடங்கியிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கோடு, அதன் முனைகள் வெளிநோக்கி விரிந்திருக்கின்றன. இரண்டும் ஒரே நீளம். ஆனால் விரிந்தது நீளமாகவும் மடங்கியது குட்டையாகவும் தெரியும். ஃபிரான்ஸ் முல்லர்-லயர் 1889ல் வெளியிட்ட கண்மாயம் இது. பலகையை இழுத்து இழுத்து, இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் ஏமாந்தோம் என்று எழுத வேண்டும்.

இந்தக் கோட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நீலகிரி மலை ஏறினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜில் சோதனை உளவியல் சொல்லிக்கொடுத்தவர். 1901, 1902 ஆண்டுகளில் தோடர்களிடையே தங்கி, மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டு, அவர்கள் பார்வை எப்படி, நிறம் எப்படித் தெரிகிறது, தொடு உணர்வு எப்படி, கோடுகள் அவர்களை ஏமாற்றுகின்றனவா என்று சோதித்தார். 1905ல் முடிவுகளை அச்சிட்டார். தோடர்கள் முல்லர்-லயர் கோட்டில் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாக ஏமாந்தார்கள். ஆனால் நெட்டுக்கோட்டையும் படுக்கைக்கோட்டையும் ஒப்பிடும் இன்னொரு கண்மாயத்தில் கூடுதலாக ஏமாந்தார்கள். டோரஸ் நீரிணைத் தீவுவாசிகளிடம் முன்னரே அவர் கண்டதும் ஏறத்தாழ இதுவே.

இதன் கனத்தை யோசித்துப் பாருங்கள். காலனி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம். 'பழங்குடிகளுக்குப் புத்தி மட்டு' என்று சந்தேகமில்லாமல் எழுதிய காலம். புத்தி மட்டு என்றால் இரண்டு கோட்டிலும் அவர்கள்தானே அதிகம் ஏமாற வேண்டும்? ஒன்றில் குறைவு, மற்றொன்றில் கூடுதல் என்று வந்தால் அந்தக் கதை நிற்காது. 1966ல் செகால், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூவர் இந்தக் கேள்வியைப் பல நாடுகளுக்கு விரித்தார்கள். மூலை மூலையாகச் சதுர அறைகளில் வளர்கிற கண்ணுக்கு முல்லர்-லயர் கோடு அறை மூலையைப்போல் தெரிந்து ஏமாற்றுகிறதோ என்ற விளக்கத்தை முன்வைத்தார்கள். தோடர்களின் பழைய வீடு பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த வடிவம் என்பதை நினைக்கும்போது அந்த விளக்கம் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. கவர்ச்சியாக இருப்பதாலேயே அது சரியாகிவிடுமா? எப்படித் தெரியும்? விவாதம் இன்னும் முடியவில்லை.

இந்த ரிவர்ஸின் கதையில் ஒரு பின்னிணைப்பும் உண்டு. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் மனம் உடைந்த அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் பேச்சின் வழியே சிகிச்சை தந்தவரும் இவர்தான். கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் 1917ல் அவரிடம் நோயாளியாக இருந்தார். கோட்டை அளந்த கை, உடைந்த மனிதரின் பேச்சையும் பொறுமையாகக் கேட்டது.

நம் நாட்டில் இந்தத் துறை கால் ஊன்றிய கதையும் சுவையானது. 1916ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஹார்வர்டில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா துறையை நடத்தத் தொடங்கினார். 1924ல் மைசூரில் எம். வி. கோபாலசாமி தொடங்கினார். லண்டனில் உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மனிடம் படித்தவர். கோபாலசாமிக்கு மனித மனத்தோடு காற்றலை மீதும் ஆசை. 1930களின் நடுவில் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தை நிறுவி, அதற்கு 'ஆகாஷ்வாணி' என்று பெயர் வைத்தார். நாடு முழுவதற்குமான வானொலியின் பெயராகப் பிறகு அது நிலைத்தது. ஓர் உளவியல் பேராசிரியர் வைத்த பெயரைச் சொல்லித்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்தி கேட்டோம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு உளவியல் துறை 1940களில் வந்தது.

இனி, சேர்ந்த பிள்ளைகள் அதிர்ச்சி அடையும் இடத்துக்கு வரலாம். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பார்கள்: 'மேடம், இதுலயும் ஸ்டாட்டிஸ்டிக்ஸா?' ஆமாம், இதிலும்தான். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, டி-டெஸ்ட், கை-ஸ்கொயர். டி-டெஸ்டைக் கண்டுபிடித்த வில்லியம் காஸெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். 1908ல் தம் பெயரை மறைத்து 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரையை வெளியிட்டார். பார்லியையும் பீரையும் சிறு அளவில் சோதித்து நம்பகமான முடிவு சொல்ல எழுந்த கணக்கு, பப்ஸ் தின்ற முப்பது சப்ஜெக்டுகளை வைத்து முடிவு சொல்லவும் உதவுகிறது. இந்தக் கணக்கு இல்லாமல் உளவியல் படித்தால் மிஞ்சுவது அபிப்பிராயம் மட்டுமே. அபிப்பிராயத்துக்கு டீக்கடையில் பஞ்சம் இல்லை. அதற்கு மூன்று வருடக் கட்டணம் தேவையில்லை.

சரி, அச்சிட்ட பாடப்புத்தகத்தை நம்பலாம் அல்லவா? அதையும் எச்சரிக்கையோடுதான். இங்கே ஒரு கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1964 மார்ச் 13. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதி. கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் வேலை முடித்து விடியற்காலை வீடு திரும்பும்போது குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. 38 அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியே அரைமணி நேரத்துக்கும் மேல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் போலீஸைக் கூப்பிடவில்லை என்று. அமெரிக்கா அதிர்ந்தது. நகர மனிதருக்கு இதயமே இல்லையா என்று தலையங்கங்கள் எழுந்தன. உலகெங்கும் சமூக உளவியல் பாடப்புத்தகங்களில் அந்த 38 பேர் குடியேறினார்கள். நம் மாணவர்களும் தேர்வில் அந்த எண்ணை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள்.

2007ல் மேனிங், லெவின், காலின்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் நீதிமன்ற ஆவணங்களைத் திரும்பப் படித்தார்கள். 38 பேர் பார்த்ததற்குச் சான்று இல்லை. முழுக்கொலையையும் பார்க்கும் இடத்தில் பெரும்பாலோர் இருக்கவே இல்லை. பலர் கேட்டது ஒரு கூச்சல் மட்டும். ஒருவர் ஜன்னலில் நின்று கத்தி அந்த ஆளை முதலில் விரட்டியிருக்கிறார். அண்டை வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிவந்து, உயிர் பிரியும் நேரத்தில் கிட்டியைக் கையில் தாங்கியிருக்கிறார். அந்தப் பெண்ணை நாற்பது வருடப் பாடப்புத்தகங்கள் சொல்லவே இல்லை. செய்தி மிகையானது என்று 2016ல் அந்த நாளிதழே ஒப்புக்கொண்டது.

அப்படியானால் அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு எழுந்த ஆய்வெல்லாம் குப்பையா? அவசரப்படக் கூடாது. ஜான் டார்லி, பிப் லாட்டனே இருவரும் 1968ல் செய்த சோதனையில், ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் இன்டர்காம் வழியே கேட்கச் செய்தார்கள். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அவர் பேச்சு அடங்கும் முன்பே உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதமே. கதை பொய், சோதனை மெய். கேள்வி அங்கேயும் நிற்கவில்லை. 2019ல் வேறு ஆய்வாளர்கள் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரங்களின் தெருக் கேமராக்களில் பதிவான சண்டைகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சண்டையில் யாராவது ஒருவராவது குறுக்கே விழுந்து விலக்கியிருக்கிறார்கள். கூட்டம் கூடக்கூட அப்படி ஒருவர் இருக்கும் வாய்ப்பும் கூடியது. முதல் பார்வைக்கு முரண் போலத் தெரிகிற இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரிக்கக் கற்ற மாணவர், வாட்ஸ்அப்பில் வருகிற 'உளவியல் சொல்கிறது' என்ற படத்தை அத்தனை சுலபமாக அடுத்தவருக்கு அனுப்ப மாட்டார்.

2015ல் இதைவிடப் பெரிய அதிர்ச்சி. மதிப்புமிக்க இதழ்களில் வெளியான 100 உளவியல் ஆய்வுகளை ஒரு பெரிய குழு மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'முடிவு கிடைத்தது' என்று சொன்னவை. திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் அப்படிக் கிடைத்தது. இதைச் சொல்லி உளவியலே அறிவியல் இல்லை என்று கேலி செய்பவர்கள் உண்டு. தன் வீட்டை யாரும் கேட்காமலே சோதனை போட்டு, கிடைத்ததை ஊருக்கு அறிவித்த துறைகள் எத்தனை இருக்கின்றன என்று அவர்களைத் திருப்பிக் கேட்கலாம்.

பெற்றோர்கள் கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்டது தெரிகிறது. 'அதெல்லாம் சரி, வேலை?'

ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. மூன்று ஆண்டுப் பட்டத்தோடு யாரும் சிகிச்சையாளர் ஆகிவிட முடியாது. மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முன்னவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மனநல மருத்துவம் படித்து, மருந்து எழுதுபவர். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுகிற டாக்டர் சாரதா மேனன் அந்த வழியில் வந்தவர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமை ஏற்று நடத்தி, 1984ல் மனச்சிதைவு ஆய்வுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். உளவியல் பட்டம் அந்த வழி இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லும் தகுதியும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவும் வேண்டும். நீண்ட காலமாக அதற்கான பாதை மூன்று ஆண்டுப் பட்டம், இரண்டு ஆண்டு முதுநிலை, அதன்மேல் மேற்பார்வையோடு இரண்டு ஆண்டு எம்.பில். என்று இருந்தது. கூட்டினால் ஏழு. பக்கத்து வீட்டு இன்ஜினியர் தம்பி அதற்குள் இரண்டு கம்பெனி மாறியிருப்பான். மற்ற துறைகளில் எம்.பில். நின்றுபோனதால் இந்தப் பாதையின் பெயர்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. சேரும் ஆண்டில் கழகத்தின் அறிவிப்பை நேரில் பார்த்துக்கொள்வதே சரி.

இன்னொன்றையும் பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டும். உளவியலைத் தொலைதூர வழியிலும் இணைய வழியிலும் நடத்துவதை 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. 'வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி' என்று விளம்பரம் வந்தால் அதை நினைவில் வையுங்கள். ஆறு வார வகுப்பில் 'சான்றிதழ் பெற்ற ஆலோசகர்' ஆக்குகிறோம் என்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு வாரத்தில் தையல்கூட முழுசாக வராது.

சிகிச்சைப் பக்கம் போகாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நிறுவனங்களின் மனிதவளத் துறை, சந்தை ஆய்வு, செல்போன் செயலியை மனிதர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்க்கும் வேலை, சிறப்புக் கல்வி, சமூகப் பணி, தொண்டு நிறுவனங்கள், ஆசிரியப் பணி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படிப்போ பயிற்சியோ வேண்டியிருக்கும். முதல் சம்பளம் பல வீடுகளில் முகத்தைச் சுளிக்க வைக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆனால் தேவை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. 2015–16ல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பெரியவர்களில் ஏறத்தாழ 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. கோளாறின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறவில்லை. ஏன் பெறவில்லை? மருத்துவர் தட்டுப்பாடு ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. சென்னை மனநல மருத்துவமனை 1794ல் தொடங்கியது. இருநூறு ஆண்டுக்கு மேல் இருக்கிற ஒரு மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று வசவாக்கி வைத்திருக்கிறோம். வசவுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாதவர்கள் எங்கே போனார்கள்? 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து இறந்தார்கள். இப்போது 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். மறுமுனையில் எடுத்துப் பேச ஆள் வேண்டுமே. அந்த ஆள் எங்கோ ஒரு வகுப்பறையில் படித்துத்தானே வர வேண்டும்?

வரும் ஆளுக்கு ஒரு சிக்கலும் காத்திருக்கிறது. மொழி. மனச்சோர்வை அளக்கும் பழைய ஆங்கில வினாத்தாள்களில் சோகத்தை நீல நிறத்தால் சொல்வார்கள். தமிழில் நீலம் கடலுக்கும் கண்ணனுக்கும் உரியது, சோகத்துக்கு அங்கே இடமில்லை. நம் ஊரில் மனசு பாரமாகும், நெஞ்சு அடைக்கும், உடம்பெல்லாம் அசதியாக இருக்கும், சோறு இறங்காது, யார் கண் பட்டதோ என்று தோன்றும். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வேலைக்கு ஆகாது. முதலில் ஒருவர் தமிழாக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போனாலும், படிப்பறியாத ஒருவர் முன்னால் வைத்துக் கேட்டுப் பார்க்கும்வரை அது தேறியதா என்று தெரியாது. வி. வி. காமத் என்பவர், பினே என்ற உளவியலாளரின் நுண்ணறிவுச் சோதனையை மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தி 1940ல் நூலாக்கியது இந்த வகை உழைப்புத்தான்.

இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஒரு மாணவி அப்படித் தமிழாக்கிய வினாத்தாளோடு தன் அப்பத்தா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணை. சாயங்காலம். முறத்தில் உளுந்து.

'அப்பத்தா, போன ரெண்டு வாரத்துல மனசு பாரமா இருந்துச்சா? தினமும், பாதி நாளுக்கு மேல, சில நாள், இல்லவே இல்ல. இதுல ஒண்ணு சொல்லு.'

'ஆடி பொறந்தா அப்படித்தாண்டி இருக்கும். ஒங்க ஐயா போனது ஆடியிலதான்.'

'அது சரி அப்பத்தா. எத்தன நாளு?'

'நாளெல்லாம் யாரு எண்ணிக்கிட்டு இருந்தா? வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும். அப்புறம் ஒஞ் சித்தி போன் போடுவா. பேசுனா போயிரும். அவ போடாத அன்னைக்கு இருக்கும்.'

மாணவியின் பென்சில் 'சில நாள்' கட்டத்துக்கும் 'பாதி நாளுக்கு மேல' கட்டத்துக்கும் நடுவே நிற்கிறது. கண்ணாடி நட்சத்திரத்தின் முதல் முனையில் நின்ற அதே மாதிரி. பிறகு அவள் தாளின் ஓரத்தில், எந்தக் கட்டமும் இல்லாத இடத்தில், சிறிய எழுத்தில் எழுதிக்கொள்கிறாள்: விளக்கு வைக்கிற நேரம், சித்தி போன்.

'அடுத்தது கேளுடி, உளுந்து இன்னும் பாதி கெடக்கு' என்கிறார் அப்பத்தா.